போர் தோற்ற சுற்றும் பிழை பிறந்த சுற்றும்: சிவிலைசேஷன் 4 குழுப்போரில் அறிகுறி கண்டு பிழை நீக்குதல்

சிவிலைசேஷன் 4 என்ற கணினி வியூக விளையாட்டைக் குழுவாக ஆடுபவர்கள் ஒரு போரில் தோற்றதும், தோற்ற அந்தச் சுற்றையே திரும்பத் திரும்ப அலசுகிறார்கள். எந்த யூனிட்டை (படைப்பிரிவை) யார் நகர்த்தினார், 80 சதவீத வாய்ப்பிருந்த மோதல் எப்படிக் கைவிட்டுப் போனது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. போர்த்திட்டத்தில் உள்ள பிழை வெளியே தெரிவது ஒரு சுற்றில். அது பிறந்தது பெரும்பாலும் பத்து, இருபது சுற்றுகளுக்கு முன்னால். ஆகவே இந்த வழிமுறையில் ஒவ்வொரு அறிகுறியிலிருந்தும் பின்னோக்கி நடந்து, அது பிறந்த இடத்தைக் கண்டு, அங்கே திருத்தும் முறையை எழுதியிருக்கிறேன்.

இங்கே தரும் எண்கள் 2007இல் வந்த பியாண்ட் த ஸ்வார்டு விரிவாக்கத்துக்கும், அதன் இயல்பு வேகத்துக்கும் உரியவை. ஒரு கட்டத்தில் ஒரு போர் யூனிட் மட்டுமே நிற்கக்கூடிய சிவிலைசேஷன் 5 ஆடுபவர்களுக்கு ஸ்டாக் (ஒரே கட்டத்தில் குவிந்து நிற்கும் யூனிட்கள்) பற்றிய பகுதிகள் பொருந்தா. ஆட்டம் பிட்பாஸ் முறையில் நடப்பதாக வைத்துக்கொள்கிறேன்: சர்வர் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும், ஒரு சுற்றுக்கு ஒரு நாள் என்று நேரம் வைத்திருப்பார்கள், அவரவர் தமக்கு ஒழிந்த நேரத்தில் உள்ளே வந்து நகர்த்திவிட்டுப் போவார்கள். பாளையங்கோட்டையில் ஒருவர், தென்காசியில் ஒருவர், வள்ளியூரில் ஒருவர், வளைகுடா வேலையில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் என்று சிதறிக் கிடக்கும் நெல்லைக் குழுக்களுக்கு இந்த முறைதான் ஒத்துவருகிறது. ஒரே நாட்டைப் பலர் சேர்ந்து நடத்தினாலும், பல நாடுகள் ஒரே அணியாக நின்றாலும் இதில் உள்ளவை பெரும்பாலும் பொருந்தும். வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: நம் படை எல்லையைத் தொடும்போது எதிரி முழுத் தயாராக நிற்கிறார்

மிக அதிகமாகக் காணப்படும் அறிகுறி இதுதான். நகரத்தில் இரண்டு ஆர்ச்சர்கள் (வில்லாளர்கள்) இருப்பதாக உளவு சொன்னது. போய்ச் சேர்ந்தபோது ஏழெட்டு யூனிட்கள், புதிதாக எழுந்த மதில், பக்கத்து நகரத்தில் ஒரு ஸ்டாக். உடனே உளவு பார்த்தவரைக் குறை சொல்வது வழக்கம். அவர் சொன்னது சொன்ன நாளில் சரியாகவே இருந்திருக்கும்.

முதலில், நம் படை எதிரியின் கண்ணில் பட்டது எந்தச் சுற்றில் என்று பாருங்கள். ஒரு நாட்டின் எல்லைக்கு வெளியே ஒரு கட்டம் வரை அந்த நாட்டுக்குத் தெரியும். எல்லையை ஒட்டிய கட்டத்தில் ஸ்டாக்கைச் சேர்த்துக்கொண்டே, பின்தங்கிய கேட்டபுல்ட் (கல்லெறி பொறி) வரட்டும் என்று மூன்று சுற்று காத்திருந்தால், அந்த மூன்று சுற்றும் எதிரிக்கு நாம் கொடுத்த அவகாசமாகிவிடும். நகர மக்களைப் பலிகொடுத்து உற்பத்தியை உடனே முடிக்க விடும் ஸ்லேவரி சட்டத்தில் இருக்கும் எதிரி, ஒரு மக்கள்தொகைக்கு 30 ஹாமர் (உற்பத்தி அலகு) வீதம் இப்படி விப் அடித்து, 25 ஹாமர் விலையுள்ள ஆர்ச்சர்களை நகரத்துக்கு நகரம் எழுப்பிவிடுவார். படை கூடும் இடம் எல்லையிலிருந்து குறைந்தது இரண்டு கட்டம் உள்ளே, முடிந்தால் நம் நகரம் ஒன்றுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிரியோடு திறந்த எல்லை ஒப்பந்தம் இருக்கிறது, முன்கூட்டியே அவர் நிலத்துக்குள் போய் நிற்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. போர் அறிவித்த அந்தக் கணமே அவர் நிலத்தில் உள்ள நம் யூனிட்கள் வெளியே தள்ளப்படும் என்பதால் அதில் பயனில்லை.

அடுத்து, படை ஏன் அவ்வளவு தாமதமாகக் கூடியது என்று பாருங்கள். இங்கேதான் பிழையின் வேர் இருக்கிறது. "படை தயாரானதும் அடிப்போம்" என்று முடிவு செய்த குழுவின் படை ஒருபோதும் தயாராவதில்லை. ஒவ்வொரு நகரமும் நடுவில் ஒரு களஞ்சியத்தையோ நூலகத்தையோ நுழைத்துக்கொள்ளும். முதலில் அடிக்கும் சுற்றின் எண்ணைக் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவதே திருத்தம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எதிரியின் எல்லை நகரத்துக்குப் பண்பாட்டு அரண் (நகரத்தின் பண்பாட்டு வளர்ச்சி தரும் தற்காப்பு) 40 சதவீதம். நமக்கு வேண்டியவை ஆறு கேட்டபுல்ட், ஐந்து ஆக்ஸ்மேன் (கோடரி வீரர்), மூன்று ஸ்பியர்மேன் (ஈட்டி வீரர்), இரண்டு சாரியட் (தேர்). ஹாமர் கணக்கில் இவை முறையே 300, 175, 105, 60, மொத்தம் 640. படை செய்யும் நகரங்கள் மூன்றும் சேர்ந்து சுற்றுக்கு 36 ஹாமர் தருமானால், வேறொன்றும் செய்யாமல் இருந்தாலே 18 சுற்று ஆகும். எட்டு மக்கள்தொகையை விப்புக்குக் கொடுத்தால் 240 ஹாமர் குறையும். கணிதம் தெரிந்த பிறகு ஒரு காட்டை வெட்டினால் 30 ஹாமர் என்பதால், நான்கு காடுகளுக்கு 120 குறையும். மீதி 280, அதாவது எட்டு சுற்று. படை கூட நான்கு சுற்று, எதிரி நிலத்தில் மூன்று கட்டம் நடக்க மூன்று சுற்று.

அப்படியானால் 100ஆம் சுற்றில் அரணை இடிக்கத் தொடங்க வேண்டும் என்றால், 97இல் போர் அறிவிப்பும் முதல் கட்டமும், 93 முதல் 96 வரை படை கூடுதல், 85 முதல் 92 வரை உற்பத்தி. கேட்டபுல்ட் தரும் கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆய்வு 84க்குள் முடிந்தாக வேண்டும். ஆய்வைத் தீர்மானிக்கும் பேச்சு 70ஆம் சுற்றிலேயே நடந்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தானாகவே தெரியும். பல குழுக்களில் போர் பற்றிய பேச்சே 90இல்தான் தொடங்குகிறது. அந்தக் குழு 100இல் அடிக்க முடியாமல் 112இல் அடிக்கும். அதற்குள் எதிரி லாங்போவை (நெடுவில் வீரரை) எட்டியிருக்கக்கூடும்.

இந்தக் கணக்கை ஒரு விரிதாளில் போட்டு, குழுவில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். குறித்த சுற்றில் குறித்த ஹாமர் வந்து சேரவில்லை என்பது 88இலேயே தெரிந்துவிட்டால், நாளைத் தள்ளுவதா, படையைச் சிறிதாக்கி வேறு நகரத்தைக் குறிவைப்பதா என்று நிதானமாகத் தீர்மானிக்கலாம். 99இல் தெரிந்தால் தீர்மானிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

அறிகுறி: நகரத்தின் வாசல்வரை போன ஸ்டாக் அங்கேயே கரைந்துவிடுகிறது

வாய்ப்பு 30, 40 சதவீதம் என்று திரை காட்டியும் அடித்துப் பார்ப்பது இந்த அறிகுறியின் வெளிப்பாடு. யூனிட்கள் போதவில்லை என்று குழு முடிவுகட்டும். பெரும்பாலான சமயங்களில் எண்ணிக்கை போதுமானதாகவே இருக்கும், போதாதது கேட்டபுல்ட்.

ஒரு கேட்டபுல்ட் ஒரு சுற்றில் நகரத்தின் அரணை 8 சதவீதம் குறைக்கும். 40 சதவீத அரணை ஒரே சுற்றில் பூஜ்யமாக்க ஐந்து கேட்டபுல்ட் வேண்டும். எதிரி மதில் கட்டியிருந்தால் அந்த 8 பாதியாகிவிடும். அரணை இடித்த கேட்டபுல்ட் அதே சுற்றில் தாக்க முடியாது. எனவே 100இல் இடித்தால் 101இல்தான் தாக்குதல். அந்த இடைப்பட்ட ஒரு சுற்றைத் தாங்கும் வலு ஸ்டாக்குக்கு இருக்க வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். தாக்கும்போது முதலில் கேட்டபுல்ட்களை அனுப்ப வேண்டும். அவற்றில் ஒன்றிரண்டு அழிந்தாலும், நகரத்துக்குள் இருக்கும் மற்ற யூனிட்களையும் சேர்த்துக் காயப்படுத்திவிட்டுத்தான் அழியும். அதன் பிறகு அதே ஆக்ஸ்மேனின் வாய்ப்பு 35இலிருந்து 80, 90க்கு ஏறுவதைத் திரையிலேயே காணலாம். கேட்டபுல்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஆக்ஸ்மேன்களை முதலில் பலிகொடுப்பது, புதியவர்கள் மட்டுமல்லாமல் பழகியவர்களும் செய்யும் தவறு.

இந்தப் பாடம் நம் சீமையின் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1755இல் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் ஹெரானும் ஆர்க்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் வந்து நின்றபோது, கோட்டையைப் பிளக்கும் பெரிய பீரங்கிகள் அவர்களிடம் இல்லை, தங்கிப் போரிடத் தேவையான பொருளும் இல்லை, திரும்பிப் போனார்கள். 1801 மார்ச் இறுதியில் ஊமைத்துரை புதுப்பித்திருந்த பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டையைக் கும்பினிப் படை தாக்கிப் பெரும் சேதத்தோடு பின்வாங்கியது. கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து சேரும்வரை காத்திருந்து, மே 24 அன்றுதான் அந்தக் கோட்டையை அவர்களால் எடுக்க முடிந்தது. நம் மனம் கோட்டைக்குள் இருந்தவர்கள் பக்கம் நிற்கிறது. ஆனாலும் வெளியே நின்ற படை ஏன் முதலில் தோற்றது, பிறகு ஏன் வென்றது என்பதைத் தாக்கும் பக்கம் இருந்து ஆடுபவர் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

ஸ்டாக்கின் கலவையைச் சரிபார்க்கும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். ஹார்ஸ் ஆர்ச்சர் (குதிரை வில்லாளர்) நம் ஸ்டாக்கைத் தாக்கிப் பிழைத்துவிட்டால், எதிர்த்து நின்ற யூனிட்டோடு சேர்த்து உள்ளே இருக்கும் கேட்டபுல்ட்களையும் பக்கவாட்டில் காயப்படுத்தும். குதிரைப்படைக்கு எதிராக இருமடங்கு வலு பெறும் ஸ்பியர்மேன் இரண்டு மூன்று பேர் இல்லாத ஸ்டாக்கை எதிரி நிலத்துக்குள் அனுப்பக் கூடாது. நம் ஆக்ஸ்மேன்களை வேட்டையாட எதிரியின் சாரியட்கள் வரும்போதும் காப்பவர்கள் அவர்களே.

அறிகுறி: நகரத்தை அடையும் முன்பே வெட்டவெளியில் அடி வாங்குகிறோம்

எதிரியிடமும் கேட்டபுல்ட் இருக்கிறது என்பதைத் திட்டம் மறந்துவிட்டது என்று பொருள். எதிரி தம் நிலத்தில் தம் சாலைகளில் ஓடிவருவார். ஒரே நகர்வில் இரண்டு கட்டம், எஞ்சினியரிங் தெரிந்தால் மூன்று கட்டம். அதே சாலை நம் படைக்கு உதவாது. நாம் ஒரு கட்டம் நகரும் நேரத்தில் அவர் மூன்று திசைகளிலிருந்தும் வந்து குவியலாம்.

எனவே நகரும் பாதையை நகரத்துக்கு மிகக் குறுகிய வழி எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஸ்டாக் எங்கே நிற்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். காடு 50 சதவீதம், குன்று 25 சதவீதம் தற்காப்பு தரும். காடுள்ள குன்று கிடைத்தால் இரண்டும் சேரும். ஆற்றைக் கடந்து தாக்குபவர் 25 சதவீதம் இழப்பார் என்பதால், நமக்கும் எதிரியின் ஸ்டாக்குக்கும் நடுவில் ஆறு இருக்கும்படி நிற்பதும் ஓர் அரணே. ஒரு சுற்று கூடுதலாக ஆனாலும் இந்தப் பாதையே மேல்.

இரண்டு நகரங்களுக்கு நடுவில், இரண்டையும் அடுத்த சுற்றில் தொடக்கூடிய ஒரு குன்றில் போய் நிற்க முடிந்தால் மிக நன்று. எதிரி தம் காவலை இரண்டாகப் பிரிக்க வேண்டிவரும். எது மெலிந்திருக்கிறதோ அதை எடுக்கலாம். இப்படிப்பட்ட கட்டங்களைப் போர் தொடங்கும் முன்பே வரைபடத்தில் குறித்து வைப்பது உளவுப் பொறுப்பில் இருப்பவரின் முதல் வேலை என்பேன்.

அறிகுறி: தோழமை நாட்டின் படை எப்போதும் ஒரு சுற்று பிந்துகிறது

பல நாடுகள் ஓர் அணியாக ஆடும் ஆட்டங்களில் மட்டும் இது தோன்றும். அணிக்குள் ஆய்வும் பார்வையும் பொது. ஆனால் யூனிட்டை நகர்த்தும் உரிமை அவரவருக்கே. கேட்டபுல்ட் வைத்திருப்பவர் இரவு பத்து மணிக்கு உள்ளே வருகிறார். ஆக்ஸ்மேன் வைத்திருப்பவர் காலை ஏழு மணிக்கே வந்து, அரண் இடியாததைக் கண்டு, ஒன்றும் செய்யாமல் சுற்றை முடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். இருவர் மீதும் தவறில்லை. திட்டத்தில் சுற்றின் எண் இருந்தது, மணி இல்லை.

தாக்கும் சுற்றுகளுக்கு மட்டும் வரிசையை மணியோடு எழுதுங்கள். கேட்டபுல்ட்காரர் முதலில்; அவர் முடித்ததும் குழுவில் ஒரு வரி போட வேண்டும்; அதைப் பார்க்காமல் அடுத்தவர் சுற்றை முடிக்கக் கூடாது. வளைகுடாவில் இருப்பவருக்கு நம் நேரத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் வரை பின்தங்கும் என்பதால், எல்லா மணியையும் இந்திய நேரத்திலேயே எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

இதைவிட உறுதியான திருத்தம் ஒன்று உண்டு. படையைத் தோழமை நாட்டின் நிலத்துக்குள் கொண்டுபோய் யூனிட்களை அந்த நாட்டுக்கே கொடையாகக் கொடுத்துவிடலாம். அதன் பிறகு போர்முனையில் நிற்கும் அனைத்தையும் ஒருவரே நகர்த்துவார். என் யூனிட் என்ற பற்று இதைத் தடுக்கிறது. பிடிக்கும் நகரம் யாருக்கு என்ற கேள்வியும் தடுக்கிறது. இரண்டையும் போர் அறிவிக்கும் முன்பே பேசி முடித்து எழுதிவையுங்கள்.

அறிகுறி: திட்டம் ஒன்று, நகர்வு வேறு

இந்த அறிகுறிக்கு மற்றவற்றைவிட அதிக இடம் கொடுக்கிறேன். ஹாமர் கணக்கில் பிழை வந்தால் அடுத்த போரில் திருத்திக்கொள்ளலாம். இந்தப் பிழை நீடித்தால் குழுவே கலைந்துபோகும்.

வாட்ஸ்அப் குழுவில் இரவெல்லாம் பேச்சு நடக்கிறது. நூறு செய்திகளுக்கு நடுவில் எங்கோ முடிவு இருக்கிறது. மறுநாள் நகர்த்த உள்ளே வருபவர் கடைசிப் பத்துச் செய்திகளைப் படித்துவிட்டு, தமக்குப் புரிந்ததைச் செய்கிறார். பேசியவர்கள் வந்து பார்த்துக் கோபப்படுகிறார்கள். பேச்சும் கட்டளையும் ஒரே இடத்தில் இருப்பதே இங்கே நோய். பேச்சு எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும். கட்டளை மட்டும் தனி ஏட்டில், ஒருவர் கையால், ஒரு சுற்றுக்கு ஒரு பத்தியாக இருக்க வேண்டும். ஏட்டில் இல்லாதது கட்டளை அன்று.

கட்டளை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: "சுற்று 98. ஸ்டாக் முழுவதும் ஆற்றுக்கு மேற்கேயுள்ள காட்டுக் குன்றுக்கு நகர வேண்டும். அந்தக் குன்றிலிருந்து இரண்டு கட்டத்துக்குள் எதிரியின் கேட்டபுல்ட் மூன்றோ அதற்கு மேலோ தெரிந்தால் நகராமல் இருந்த இடத்திலேயே நிலைகொள்ள வேண்டும். இரண்டில் எதுவென்று ஐயம் வந்தால் சுற்றை முடிக்காமல் போர்த்தலைவரை அழைக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குள் அவர் கிடைக்காவிட்டால் நிலைகொள்ள வேண்டும்." செய்ய வேண்டியது, அதை மாற்றும் சூழல், ஐயம் வந்தால் நடுநிலையான நகர்வு ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன. மூன்றாவது இல்லாத கட்டளைகளே பெரும்பாலும் கேடு செய்கின்றன. நிலைகொள்வது வீணும் அன்று. நகராமல் நிற்கும் யூனிட் சுற்றுக்கு 5 சதவீதமாக 25 வரை தற்காப்பைச் சேர்த்துக்கொள்ளும்.

நம் ஊர்க் குழுக்களுக்கே உரிய இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். குழுவில் வயதில் மூத்தவர் ஒருவர் இருப்பார்; எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் முதலில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் வரைபடத்தில் வேறு ஏதோ கண்டிருந்தாலும் வாய் திறப்பதில்லை. மரியாதை நல்லது; ஆனால் அந்தத் தம்பி பார்த்தது எதிரியின் ஸ்டாக்காக இருந்தால் மொத்தக் குழுவும் விலை கொடுக்க வேண்டிவரும். போர்த் தீர்மானங்களில் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில் எழுத வேண்டும் என்று வரிசையை வைத்துக்கொள்வது நல்ல பயன் தருகிறது. "அண்ணாச்சி, வடக்க மூணு சாரியட் நிக்கு, இன்னைக்கு நகர்த்த வேண்டாம்" என்று ஒரு தம்பி தயங்காமல் எழுதக்கூடிய குழுவில், பாதிப் பிழைகள் பிறக்கும் இடத்திலேயே தெரிந்துவிடும். முடிவு எடுக்கும் அதிகாரம் போர்த்தலைவர் ஒருவருக்கே, அதில் மாற்றமில்லை. எல்லோரும் சொன்னதைப் படித்த பிறகு அவர் முடிவு எடுக்கட்டும்.

அறிகுறி: "இருமுறை நகர்த்திவிட்டார்கள்" என்ற சண்டை

ஒரு சுற்றின் கடைசி நிமிடத்தில் நகர்த்தி, அடுத்த சுற்று தொடங்கியதும் மீண்டும் நகர்த்தினால், எதிராளி பதில் சொல்ல இடமே இல்லாமல் இரண்டு நகர்வு கிடைத்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் நகரும் ஆட்டமுறையில் இது எப்போதும் நடக்கக்கூடியது. ஆட்டம் தொடங்கும் முன்பே எதிரணியோடு விதியை எழுத்தில் வைத்துக்கொள்வதுதான் ஒரே மருந்து. போர் அறிவித்தவர் அந்தச் சுற்றில் முதலில் நகர்ந்திருந்தால், போர் முடியும்வரை சுற்றின் முற்பாதி அவருக்கு, பிற்பாதி மற்றவருக்கு. போர் அறிவிப்புக்கு முந்தைய சுற்றின் நகர்வும் இந்தக் கணக்கில் சேருமா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

அறிகுறி: முனையில் வெல்கிறோம், பின்னால் நகரம் விழுகிறது

முன்னேறும் குழு எல்லா யூனிட்டையும் முனைக்கே அனுப்பிவிடும். கடற்கரையில் இருக்கும் நகரத்தில் ஒரு வாரியர் மட்டும் நிற்பார். எதிரியின் கேலி (துடுப்புக் கப்பல்) ஒவ்வொன்றிலும் இரண்டு யூனிட் வரும். இரண்டு கேலி வந்தாலே நகரம் போய்விடும். உள்நாட்டு நகரமாக இருந்தால் இரண்டு சாரியட்கள் பாதுகாப்பில்லாத பாதை வழியே வந்து அதே வேலையைச் செய்யும்.

காவலுக்கு இவ்வளவு யூனிட் என்று எல்லா நகரத்துக்கும் சமமாகப் பங்கிடாதீர்கள். எந்த நகரத்துக்கு எதிரி எத்தனை சுற்றில் வர முடியும், அவர் கண்ணில் பட்டதிலிருந்து நாம் எத்தனை சுற்றில் உதவி அனுப்ப முடியும் என்ற இரண்டு எண்களை ஒப்பிடுங்கள். முதல் எண் சிறியதாக இருக்கும் நகரத்துக்குத்தான் காவல் வேண்டும். மற்ற இடங்களில் குன்று மேல் ஒரு யூனிட்டைப் பார்வைக்கு நிறுத்தினால் போதும். கடற்கரைக்கு வெளியே ஒரு கேலியைக் காவலாக வைத்தால் ஒரு சுற்று முன்னறிவிப்பு கிடைக்கும். அந்த ஒரு சுற்றில் விப் அடித்து ஒரு காவலரை எழுப்பிவிடலாம். கப்பலிலிருந்து நேரடியாக நகரத்தைத் தாக்குபவருக்கு 50 சதவீத இழப்பு உண்டு என்பதால், அந்த ஒரு காவலரே பலமுறை போதுமானவராக இருப்பார்.

அறிகுறி: போரின் நடுவில் பொன் தீர்ந்துவிடுகிறது

நம் எல்லைக்கு வெளியே நிற்கும் யூனிட்களுக்குத் தனிச் செலவு உண்டு. படை உள்ளே போன சுற்றிலிருந்து வருமானம் சரிவதைக் கண்டு ஆய்வைக் குறைக்கிறார்கள். பொன் பூஜ்யமானால் யூனிட்கள் தாமாகவே கலையத் தொடங்கும். போர் அறிவிப்பதற்கு முந்தைய சில சுற்றுகளில் ஆய்வை நிறுத்திப் பொன் சேர்த்துக்கொள்வதும், அடிக்கும் சுற்று நெருங்கும்வரை படையை நம் நிலத்துக்குள்ளேயே வைத்திருப்பதும் போதும். இதில் இதற்கு மேல் சிக்கலில்லை.

அறிகுறி: முதல் நகரத்தோடு படை நின்றுவிடுகிறது

நகரம் விழுந்துவிட்டது, ஸ்டாக்கில் பாதிக்கு மேல் காயம், அடுத்த நகரத்துக்கு நகர முடியவில்லை, எதிரி மூச்சு வாங்கிக்கொள்கிறார். எதிரி நிலத்தில் ஒரு சுற்றுக்கு 5 சதவீதம்தான் காயம் ஆறும். நம் நகரத்துக்குள் 20 சதவீதம் ஆறும். ஒரு யூனிட்டுக்கு மெடிக் பதவி உயர்வு கொடுத்து ஸ்டாக்கோடு அனுப்பினால் கூடுதலாக 10 சதவீதம் கிடைக்கும். போர் மோதலில் அனுபவம் பெற்ற ஒரே ஒரு யூனிட்டை இதற்கென்று ஒதுக்கி, அதைத் தாக்குதலுக்கு அனுப்பாமல் காப்பாற்றுவது நல்ல முதலீடு.

ஆனால் வேர் மறுபடியும் உற்பத்தியில்தான் இருக்கிறது. முதல் படை புறப்பட்டதும் நகரங்கள் எல்லாம் சந்தை, கோயில் என்று திரும்பிவிட்டிருக்கும். முனைக்குப் போய்ச்சேரும் யூனிட், அணைக்கட்டில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருவது போல, திறந்த நாளுக்கு வெகுநாள் கழித்துத்தான் வந்துசேரும். 101இல் முதல் நகரம் விழ வேண்டும் என்றால், 104இல் வந்துசேர வேண்டிய இரண்டாம் அணி 95இலேயே உற்பத்தியில் இருக்க வேண்டும். திட்டத்தின் விரிதாளில் முதல் நகரம் விழும் சுற்றோடு வரிசை முடிந்திருந்தால், அதைப் பார்த்தவுடனேயே இந்தப் பிழையைக் கண்டுகொள்ளலாம்.

அறிகுறி: நகர்த்த வேண்டியவர் காணவில்லை

தேர்வு, திருமணம், ஆனித் தேரோட்டம், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கல்: இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்த நாட்கள். போர் நாட்களைக் குறிக்கும்போது இந்த நாட்களையும் அதே விரிதாளில் போடுங்கள். சுற்று எண்ணும் ஆங்கிலத் தேதியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், 101ஆம் சுற்று தேரோட்டத்தன்று விழுவது இரண்டு வாரம் முன்பே தெரியும்.

தெரியாத நாட்களும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்து, தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் அறுந்துகிடந்தன. அப்படிப்பட்ட நாளில் ஆட்டத்தைப் பற்றி நினைக்க யாருக்கும் மனம் வராது, வரவும் வேண்டாம். அதற்காகவே, குழுவின் கடவுச்சொல்லையும் கட்டளை ஏட்டையும் மாவட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம், சென்னையிலோ வளைகுடாவிலோ இருப்பவரிடம், கொடுத்து வையுங்கள். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எல்லா ஸ்டாக்கையும் நிலைகொள்ள வைத்து, எதிரணிக்கு எழுதி, ஆட்டத்தை நிறுத்தி வைக்கக் கேட்பது. பேரிடர் நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் விதியை இருமுறை நகர்வு விதியோடு சேர்த்தே எழுதிவிடலாம். அதை மறுக்கும் எதிராளியோடு ஆட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

அறிகுறி: போர் முடியவே மாட்டேன் என்கிறது

இரண்டு நகரம் பிடித்தாயிற்று. மூன்றாவதற்கு முன்னால் எதிரி லாங்போ வைத்திருக்கிறார். எடுத்தால் எடுக்கலாம், பெரும் செலவாகும். குழு இரண்டாகப் பிரிகிறது. அதற்குள், போரில் இல்லாத மூன்றாவது அணி ஒன்று ஆய்வில் வெகுதூரம் போய்விடுகிறது. நாடுகளை ஒப்பிடும் டெமோகிராஃபிக்ஸ் திரையில் நம் இடத்தைப் பார்த்தால், நாம் எப்போது பின்தங்கினோம் என்பது சுற்று எண்ணோடு தெரியும். ஒவ்வொரு சுற்றும் அதைக் குறித்து வைப்பவர் ஒருவர் இருந்தால் மட்டுமே தெரியும்.

எதற்காகப் போர் என்று தொடக்கத்தில் எழுதாததே இதன் வேர். "எதிரியை அழிக்க" என்பது நோக்கம் ஆகாது. "கிழக்கேயுள்ள இரும்பும் அதை ஒட்டிய இரண்டு நகரமும், 110க்குள் கிடைக்காவிட்டால் கிடைத்ததோடு சமாதானம்" என்பது நோக்கம். நிறுத்தும் சுற்றைத் தொடங்கும் சுற்றோடு சேர்த்துக் குறித்தால், முனையில் நிற்பவருக்கும் ஊரில் உற்பத்தி பார்ப்பவருக்கும் ஒரே கணக்கு இருக்கும். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானால் பத்து சுற்றுக்கு அதை முறிக்க முடியாது என்பதால், கேட்கும் நாளையும் யோசித்துக் கேளுங்கள். இரண்டாம் அணி எல்லைக்கு வந்துசேர்ந்த சுற்றில், அது எதிரியின் கண்ணில் படும்படி நிறுத்திவிட்டுக் கேட்டால், மூன்றாவது நகரத்தை மோதாமலே விட்டுக்கொடுக்கும் எதிரிகள் உண்டு. வாங்கிய பத்து சுற்றில் முதல் சுற்றிலேயே அடுத்த விரிதாளைத் திறந்து, 121இல் யார் எங்கே நிற்க வேண்டும் என்று எழுதத் தொடங்குங்கள்.